அறுபது நாள் ரகம்

விதைக் கடையில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். அதைக் கேட்கவும் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பேன். பாப்பாரப்பட்டியில் சந்தை நாளாக இருந்தால் அரை மணி நேரம்கூட ஆகும். நாலு பேர் நடுவில் குரல் எழுப்பிப் பேச எனக்கு இந்த வயதிலும் வரவில்லை.

“அக்கா, உங்களுக்கு என்னாங்க?”

“தக்காளி விதைங்க. வூட்டுத் தோட்டத்துக்கு. இருக்கறதுலயே சீக்கிரமா பழுக்கறது எது?”

கடைக்காரத் தம்பி பொறுமையானவர். பொட்டலத்தில் போட்டிருக்கும் நாளை நாற்று நட்டதிலிருந்து எண்ண வேண்டும், விதைத்த நாளிலிருந்து எண்ணி ஏமாறக் கூடாது என்று ஒவ்வொரு வருடமும் எனக்குச் சொல்வார். குட்டையாக வளரும் செடிகள்தான் முந்திப் பழுக்கும். அறுபது நாள், சிலது அதற்கும் முன்னால். ஆனால் பழம் சின்னது, தோல் மெல்லிசு, எல்லாம் சேர்ந்தாற்போல் பழுத்து ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கொஞ்சம் பொறுத்துக்கொண்டால் நாட்டு ரகம் போடலாம், ரசத்துக்கு அதுதான் என்பார். அவர் சொல்வது சரிதான். தலையாட்டிவிட்டு அறுபது நாள் பொட்டலத்தையே வாங்கிக்கொண்டு வருவேன்.

வீட்டுக்காரர் கேலி செய்வார். “நீ தக்காளி வளக்கறியா, பஸ்ஸுக்கு நிக்கறியா?” என்பார். நான் பதில் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் முழுக்கச் சொல்ல வேண்டும். வாயால் எனக்கு அது முடியாது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு நாலு முடிந்திருந்தது. அந்த வருடம் ஆடி மாதத்தில் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது அது. போக இரண்டு பஸ் மாற வேண்டும். அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று எங்களுக்குச் சொன்னார்கள். காசநோய் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததால் ஊருக்குத் தெரியாமல் போய்விடவும் இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. நாங்களாகக் கொண்டுபோய் நீட்டினாலும், இப்போதுதான் குடித்தேன் என்றார்கள். பக்கத்து வீட்டில் இருந்த பெரியம்மாவின் பிள்ளைகள் விளையாடக் கூப்பிட வந்தால் தெருவிலேயே நின்று கூப்பிட்டார்கள்.

பிள்ளைகளை அந்த ஆஸ்பத்திரிக்குள் விடமாட்டார்கள். அப்பா மட்டும் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய்வந்தார்.

தம்பி ஒவ்வொரு நாளும் விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சரியாக, அம்மா எப்போது வரும் என்று ஆரம்பிப்பான். வந்துருவா, வந்துருவா என்று அப்பா பத்து நாள் ஓட்டினார். பிறகு அந்தப் பதில் செல்லவில்லை. எத்தனை நாள் என்று எண்ணிக் காட்டச் சொல்லி அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டு தம்பி அழுதான். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. சுற்றிப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லிலிருந்து வழிகிற தண்ணீருக்கு அம்மா எப்போதும் நாலைந்து தக்காளிச் செடி வைப்பாள். போன வருடத்துச் செடிகள் காய்ந்து குச்சியாக நின்றிருந்தன. அதைக் காட்டி அப்பா சொன்னார்.

“நாம புதுசா தக்காளி போடலாம். அது செடியாயி, பூ வுட்டு, காய் காய்ச்சு, பழம் பழுக்கும் பாரு. அப்ப அம்மா வந்துருவா.”

தம்பிக்கு என்ன புரிந்ததோ, அழுகையை நிறுத்திவிட்டான். நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரமே மூன்று பேரும் விதை வாங்கப் போனோம். தம்பி அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தான். கடைக்காரர் இரண்டு விதமான விதைகளை எடுத்து வைத்தார். ஒன்று புதிதாக வந்த குட்டை ரகம், நட்ட அறுபது நாளில் பழுத்துவிடும். எங்கள் பெரியப்பாகூட முதல் நாள்தான் அதை வாங்கிப்போனாராம். முந்தி வந்தால் சந்தையில் நல்ல விலை. இன்னொன்று பெரிய பழம், பட்டை பட்டையாக மடிப்பு விழுந்த நாட்டு ரகம். விதைத்ததிலிருந்து எண்ணினால் முழுசாக நாலு மாதம்.

“வூட்டுக்குன்னா குட்டையப் போடுங்க. சட்டுன்னு வந்துரும்,” என்றார் கடைக்காரர்.

“வேணாங்க. பொறுமையா வர்றதே குடுங்க,” என்றார் அப்பா.

அப்பாவுக்குத் தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். என்ன என்று குனிந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். நாலு மாத விதையைக் காகிதத்தில் மடித்து வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

ஆறு மாதத்துக்குக் குறையாது, அதற்குமேலும் ஆகலாம் என்று ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. பெரியம்மா அதை என்னிடம் சொன்னபோது எனக்குக் கல்யாணமாகி மூத்தவளும் பிறந்திருந்தாள். அந்தக் கடையில் கிடைத்ததிலேயே நீளமான நாட்கள் அந்த நாட்டு ரகத்தில்தான் இருந்தன. அப்பா அதைத்தான் வாங்கினார்.

அப்பா விதைத்தார், முளைத்தது. ஒரு சாண் உயரம் வந்ததும் பிடுங்கி, கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாகப் பன்னிரண்டு நாற்று நட்டார். பெரியப்பாவும் அதே வாரம் கிணற்று மேட்டுப் பாத்தியிலிருந்து குட்டை ரக நாற்றைப் பிடுங்கி வயலில் நட்டுக்கொண்டிருந்தார். கட்டு கட்டாக வரப்பில் கிடந்தன. மறுநாள் மத்தியானம் அப்பா கடலைக்காய்க் கொல்லைக்குப் போயிருந்த நேரத்தில் நான் வரப்பில் கிடந்ததில் பன்னிரண்டை எடுத்துப் பாவாடையில் மறைத்து வந்தேன். அப்பா நட்டதையெல்லாம் பிடுங்கினேன். அந்தக் குழிகளிலேயே இதை நட்டு, தண்ணீர் ஊற்றி, மண்ணை அதேபோல் அணைத்துவிட்டேன். பிடுங்கிய நாற்றுகளை எருக்குழியில் அமுக்கினேன். நாற்று என்றால் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும், யாருக்கு என்ன தெரியப்போகிறது என்பது என் கணக்கு.

சாயங்காலம் அப்பா கை கால் கழுவ வந்தவர் வரிசைக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். ஒரு இலையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த செடியையும் பார்த்தார். எருக்குழிப் பக்கம் ஒருமுறை திரும்பினார். நான் தம்பிக்குத் தலை சீவுவதுபோல் நின்றிருந்தேன்.

“நல்லாத்தான் வேர் புடிச்சிருக்கு,” என்றார் அப்பா. எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் தப்பித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன். இன்றைக்கு என் தோட்டத்தில் இரண்டு ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். நாட்டு ரகத்தின் இலை அகலமாகத் தொங்கும். குட்டை ரகத்தின் இலை சிறுத்து ஓரம் சுருண்டிருக்கும். வயலில் பிறந்து வளர்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்க வழியே இல்லை. பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு நட்டிருக்கலாம். ஏனோ அப்பா அதைச் செய்யவில்லை. தினமும் காலையில் அவரே தண்ணீர் ஊற்றினார்.

புரட்டாசி பிறந்ததும் செடிகள் முழங்கால் உயரம்கூட வராமல் பூ விட்டன. பெரியம்மா பார்த்துவிட்டு, உங்கள் தக்காளி என்ன இப்படி அவசரப்படுகிறது என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தம்பியை அழைத்துப்போய்ப் பூவைக் காட்டினேன். பூ உதிர்ந்து மிளகளவு காய் தெரிந்தபோதும் காட்டினேன். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு என்று இருவரும் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தோம். காய்கள் பெருத்து, பச்சை வெளுக்க ஆரம்பித்தது. இன்னும் நாலு நாளில் மஞ்சள் தட்டும், அப்புறம் சிவக்கும் என்று தம்பிக்குச் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அப்பா அம்மிக்கல் முன்னால் உட்கார்ந்து பச்சைத் தக்காளித் துவையல் அரைத்துக்கொண்டிருந்தார்.

வெளுத்திருந்த காய்கள் ஒன்றுகூடச் செடியில் இல்லை. அப்பா அதுவரை அம்மியைத் தொட்டதே கிடையாது. அம்மா போன பிறகு சோறு பொங்கவும் களி கிண்டவும் கற்றிருந்தார். குழம்பு பெரியம்மா வீட்டிலிருந்து வரும். இப்போது திடீரென்று துவையல். உப்பு கூடிப்போயிருந்தது. காய் சரியாக வதங்காமல் பல்லில் கூசியது. அப்பா களியில் தொட்டுத் தொட்டுத் தின்றார். ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

அன்றிலிருந்து இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அதேதான். காய் முற்றி வெளுக்கும். மஞ்சள் தட்டும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டு தூங்குவோம். விடிந்தால் துவையல். பெரியம்மாவுக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

“உங்கப்பன் அம்மியில குந்தியிருக்கறதப் பாத்தா கரடி குந்துனாப்புல இருக்குதுடி,” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு அப்பாவிடமே கேட்டாள். “அந்தப் பச்சக் காயில அப்படி என்னாதான் இருக்குது? பழுக்க வுட்டாத்தான் என்னா?”

“வாய்க்கு நல்லா இருக்குது அண்ணி,” என்றார் அப்பா.

நான் கெஞ்சிப் பார்த்தேன். இரண்டே இரண்டை விட்டுவைக்கச் சொன்னேன். சரி பாப்பா, நாளைக்கு விடுகிறேன் என்பார். அந்த நாளை வரவேயில்லை. தம்பி பழம் எங்கே, பழம் எங்கே என்று என்னைக் கேட்க ஆரம்பித்தான். ஒருநாள் காலையில் என் தட்டில் மறுபடியும் துவையலை வைத்தபோது நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

“உனக்குத் தொவையல்தான் பெருசு. அம்மா வர்றது உனக்குப் புடிக்கல.”

அப்பா களியை உருட்டிக் கையில் வைத்திருந்தார். அதைத் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடி எடுத்து உருட்டி, தம்பியின் வாயில் வைத்தார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகு நான் கெஞ்சவில்லை. கடைசிச் செடியில் மண்ணை ஒட்டினாற்போல் ஒரு காய் தொங்கியது. ஆமணக்கு இலையால் அதைச் சுற்றி, வாழைநாரால் கட்டிவிட்டேன். அந்த இலை வாடினால் வேறு இலை மாற்றினேன். பன்னிரண்டு செடியில் ஒரே ஒரு செடி ஆமணக்கு இலை கட்டிக்கொண்டு நின்றதை, தினமும் தண்ணீர் ஊற்றுகிறவர் பார்க்காமலா இருந்திருப்பார் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காய் மட்டும் துவையலுக்குப் போகவில்லை.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் இலையைப் பிரித்தேன். உள்ளே முழுக்கச் சிவந்திருந்தது. என் உள்ளங்கை கொள்ளும் அளவுதான். அதைப் பறித்துக்கொண்டு ஓடினேன். அப்பா கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் தரையில் வைத்தேன்.

“பழுத்துருச்சு. இப்ப என்னா சொல்ற?”

அப்பா பழத்தை எடுத்தார். துண்டால் துடைத்தார். பிறகு, “நாளைக்குப் போயி அம்மாவக் கேட்டுட்டு வர்றேன்,” என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்குப் பழத்தைத் துண்டில் முடிந்துகொண்டு போனார். நான் பள்ளிக்கூடத்தில் ஒன்றையும் கவனிக்கவில்லை. மணி அடித்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ் நிற்கும் புளியமரத்தடிக்குப் போய்விட்டேன். தம்பிக்குச் சட்டை மாற்றிப் பவுடர் போட்டிருந்தேன். இரண்டு பஸ் நின்று போயின. மூன்றாவதில் அப்பா இறங்கினார். அவருக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்தேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

நான் திரும்பி நடந்தேன். அப்பா பின்னாலேயே வந்தார். பாதி வழியில் என் தோளைத் தொட்டு நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் மருந்து எழுதும் காகிதம். அதில் தக்காளி விதைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின்மேல் ஒன்று விழாமல் வரிசையாக, கோலப் புள்ளி வைத்ததுபோல். பஸ்ஸிலேயே காய்ந்திருந்தன. அப்படி வரிசையாக வைப்பது அம்மாவின் கைதான். அரிசியில் கல் பொறுக்கினாலும் அந்தக் கல்லை வரிசையாகத்தான் வைப்பாள்.

“அம்மா உன் பழத்தத் தின்னா பாப்பா. விதையெல்லாம் எடுத்து உங்கிட்டக் குடுக்கச் சொன்னா. இத நீயே போடணுமாம். இது பழுக்கறப்ப அவ இங்க இருப்பாளாம். சத்தியமா சொல்லச் சொன்னா.”

காகிதத்தை மோந்து பார்த்தேன். மருந்து வாசனைதான் வந்தது. எனக்குக் கோபம் போய்விட்டது. அம்மா அனுப்பியது அறுபது நாள் ரகம். அப்பாவைப்போல நாலு மாதத்தை அவள் எடுக்கவில்லை. வீட்டுக்கு வர வேண்டும் என்ற அவசரம் அம்மாவுக்கு இருக்கிறது, அப்பாவுக்குத்தான் இல்லை என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். என்னிடம் இருந்த ஒரே பழத்தை வாங்கிக்கொண்டு, கணக்கை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மழை விடட்டும் என்று காத்திருந்து, கார்த்திகைக் கடைசியில் விதைத்தேன். மார்கழிப் பனியில் நட்டேன். அப்பா தள்ளி நின்று பார்த்தார், குழி ஆழம் போதுமா என்று மட்டும் கேட்டார். பொங்கலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் காரப்பொரி வாங்கிவந்தார். தம்பியைத் தூக்கிச் சுற்றினார். ஏன் என்று சொல்லவில்லை.

மாசி மாதம் ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்தேன். எங்கள் வீட்டுக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. உள்ளே அம்மா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பி, நிறம் வெளுத்து, யாரோ மாதிரி இருந்தாள். குரல் மட்டும் அதேதான். நான் நிலைப்படியிலேயே நின்றேன். என் செடிகளில் காய் பெருத்திருந்தது, ஆனால் எல்லாம் பச்சை. ஒன்றுகூட வெளுக்கவில்லை.

“இன்னும் பழுக்கலியேம்மா,” என்றேன்.

“பழுக்கட்டும் கண்ணு. நான் இங்கயே குந்திப் பாக்கறேன்,” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரத்தில் காய்கள் வெளுக்க ஆரம்பித்தன. எனக்கு இது தெரிந்த கதைதான். விடியும் முன்பே விழித்துக்கொண்டு கதவுச் சந்தில் பார்த்தேன். அப்பா தண்ணீர்க் குடத்தோடு வந்தார். குனிந்து, நன்றாக வெளுத்திருந்த ஒரு காயைக் கையில் பிடித்தார். விட்டுவிட்டார். எல்லாச் செடிக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தார். அன்றைக்குத் துவையல் இல்லை. மறுநாளும் இல்லை. காய்களில் மஞ்சள் தட்டியது. தம்பி அதைப் பார்க்க அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துப்போனான்.

எனக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவ்வளவு ஆசையாகத் தின்றவர். நான் அன்றைக்குத் தட்டைத் தள்ளிப் பேசிய பேச்சால்தான் தொடாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவோ வந்துவிட்டாள். இனிமேல் காய் பழுத்தால் என்ன, பழுக்காவிட்டால் என்ன. நல்ல பச்சைக் காயாக நாலு பறித்து, மிளகாய் வதக்கி, உப்பு அளவாகப் போட்டு நானே அம்மியில் அரைத்தேன். அப்பா களிக்கு உட்கார்ந்ததும் தட்டில் பெரிய உருண்டையாக வைத்தேன்.

“உனக்குப் புடிக்குமேன்னு அரைச்சேன்,” என்றேன்.

அப்பா துவையலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காமல் தட்டை விரலால் வழித்துத் தின்றார். “நல்லா இருக்குது பாப்பா,” என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மிளகாய் வதக்கிய நெடி இன்னும் வீட்டைவிட்டுப் போகாமல் இருக்கிறதுபோல என்று நினைத்து, நான் எழுந்து போய் அம்மாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.